விற்ற பொருளின் சாவி யாரிடம்?
ஸ்மார்ட் சாதன வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

கைத்தொலைபேசியில் இருந்து அணைக்கும் மின்குமிழ், ஸ்மார்ட் பிளக், வீட்டுக் கமரா, கைவிரல் வைத்தால் திறக்கும் கதவுப் பூட்டு என்பன இன்று புறக்கோட்டையில் மாத்திரமல்ல, காத்தான்குடி, அக்கரைப்பற்று, மாவனல்லை போன்ற ஊர்களின் கடைகளிலும் சாதாரண விற்பனைப் பொருட்களாகி விட்டன. இவற்றை விற்கும் சகோதரர்கள் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். சாதனத்தை வாங்கியவர் சில மாதங்களின் பின் வந்து, "கம்பனியின் மென்பொருள் எனக்கு வேண்டாம், வேறொன்றை ஏற்றித் தாருங்கள்" என்கிறார். செய்து கொடுக்கலாமா, கூடாதா?

காசு கொடுத்து வாங்கியவர் அவர். அவருடைய பொருளில் அவர் விரும்பியதைச் செய்யலாம் என்பது ஒரு நியாயம். அதேவேளை, உரிமையாளர் இலகுவாகத் திறக்கக் கூடிய சாதனத்தைக் கள்வனும் இலகுவாகத் திறப்பான் என்பது மற்றொரு நியாயம். இவ்விரண்டுக்கும் இடையில் வியாபாரி எங்கே நிற்க வேண்டும் என்பதே இவ்வாரப் பாடம்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

சாதாரண மின்குமிழை விற்றவர் அதனுள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஸ்மார்ட் மின்குமிழின் அடிப்பாகத்திலோ வைபை இணைப்புக் கொண்ட ஒரு சிறிய கணினி இருக்கிறது. அக்கணினியை இயக்கும் மென்பொருளை இக்கட்டுரையில் உள்மென்பொருள் என்று அழைப்போம். பல மலிவான சாதனங்களில், தெஹிவளையில் இருப்பவர் வீட்டுக்கு வெளியே நின்று கைத்தொலைபேசியில் பொத்தானை அழுத்தினால், அக்கட்டளை வெளிநாட்டிலுள்ள கம்பனியின் சேர்வருக்குச் சென்று, அங்கிருந்து திரும்பி வந்தே வீட்டு மின்குமிழை எரியச் செய்கிறது. பொருள் வாங்கியவரின் வீட்டில், மூளையின் பாதி கம்பனியின் கையில் என்று இதனைச் சொல்லலாம்.

உள்மென்பொருளை யாரும் மாற்றி விடாதிருக்கக் கம்பனிகள் பூட்டுப் போடுகின்றன. கம்பனியின் இலத்திரனியல் கையொப்பம் உள்ள மென்பொருளை மாத்திரமே சில்லு ஏற்றுக்கொள்ளும். சில சில்லுகளில் இதற்கென மிக நுண்ணிய உருகிகள் உள்ளன. தொழிற்சாலையில் அவற்றை ஒருமுறை எரித்து விட்டால் பின்னர் கம்பனியே நினைத்தாலும் மீட்க முடியாது. கள்வனைத் தடுக்க இது நல்ல பூட்டுத்தான். ஆனால் வீட்டுக்காரரும் அதே பூட்டுக்கு வெளியேதான் நிற்கிறார்.

கம்பனி கடையை மூடினால்

ரிவோல்வ் என்று ஒரு சாதனம் அமெரிக்காவில் விற்பனையானது. வீட்டிலுள்ள பல ஸ்மார்ட் சாதனங்களை ஒன்றிணைக்கும் பெட்டி அது. விலை சுமார் 300 டொலர். 2014 ஒக்டோபரில் கூகுளின் நெஸ்ட் நிறுவனம் ரிவோல்வை விலைக்கு வாங்கியது. 2016 மே 15 ஆம் திகதியுடன் சேர்வர் நிறுத்தப்பட்டது. பெட்டி பழுதடையவில்லை, மின்சாரமும் இருந்தது, ஆனால் ஒன்றுக்கும் உதவாமற் போனது. இன்ஸ்டியன் என்ற கம்பனியின் சேர்வர்கள் 2022 ஏப்ரலில் பாவனையாளருக்கு முன்னறிவித்தல் எதுவுமின்றி நின்றன. அதே வருடம் ஜூனில் பாவனையாளர் குழுவொன்றே முன்வந்து அவ்வியாபாரத்தை வாங்கி மீண்டும் இயக்கியது என்பது வேறு கதை. பெல்கின் கம்பனியும் தனது வீமோ சாதனங்கள் பலவற்றுக்கான சேவையை 2026 ஜனவரி 31 உடன் நிறுத்துவதாக 2025 இல் அறிவித்தது.

இவை பெயர் பெற்ற கம்பனிகள். பெயரே தெரியாத பெட்டியில் வரும் சாதனத்தின் சேர்வர் எத்தனை வருடம் இயங்கும் என்று எமது வியாபாரிகளில் எத்தனை பேர் சப்ளையரிடம் கேட்டிருப்பார்கள்?

இதிலே வியாபாரச் சட்டம் சார்ந்த ஒரு விடயமும் உண்டு. விற்பனை என்றால் பொருளின் உரிமை முழுமையாகக் கைமாற வேண்டும். "இதனை நீ வேறெவருக்கும் விற்கக் கூடாது" என்ற நிபந்தனையுடன் செய்யப்படும் விற்பனை செல்லாது என்று ஷாபிஈ மத்ஹபின் சட்டநூல்கள் கூறுகின்றன. உரிமையின் நோக்கத்துக்கே அந்நிபந்தனை முரணாக இருப்பதே காரணம். பூட்டப்பட்ட உள்மென்பொருளும் அத்தகைய நிபந்தனைதானா என்று தீர்ப்புக் கூற நான் ஆலிம் அல்ல. உலமாக்கள் ஆராய வேண்டிய விடயம் அது. எனினும், விற்பனை என்று பில் எழுதி விட்டு, உண்மையில் கம்பனி அனுமதிக்கும் வரை பாவிக்கும் வாடகைப் பொருளைக் கொடுக்கிறோமா என்று வியாபாரி தன்னையே கேட்டுக்கொள்வது நல்லது.

கப்பலின் கீழ்த்தட்டு

இவ்வளவும் படித்தவர், "அப்படியானால் எல்லாவற்றையும் திறந்து விட வேண்டியதுதானே" என்பார். அவசரப்பட வேண்டாம்.

நபி (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமையை நாம் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். புகாரி கிரந்தத்தில் நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களின் அறிவிப்பாகப் பதிவாகியுள்ளது. ஒரே கப்பலில் சிலர் மேல்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் பயணம் செய்கின்றனர். கீழே இருப்போர் தண்ணீருக்காக மேலே ஏறி இறங்கி மற்றவருக்குத் தொந்தரவு கொடுப்பதை விட, தமது பங்கிலேயே ஒரு துளை போட்டுக்கொள்ளலாம் என நினைக்கின்றனர். மேலே இருப்போர் தடுக்காமல் விட்டால் எல்லோருமே அழிவர். தடுத்தால் எல்லோரும் தப்புவர்.

இணையத்தில் இணைந்த வீட்டுச் சாதனங்களுக்கு இதைவிடப் பொருத்தமான உவமையை நான் காணவில்லை. 2016 இல் மிராய் என்ற தீய மென்பொருள் பரவியது. அது செய்தது மிக எளிய வேலை. இணையத்தில் தென்படும் கமராக்கள், கமராப் பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்களின் கதவைத் தட்டி, தொழிற்சாலையில் இட்ட 60 இற்கு மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் சோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. திறந்தவை எல்லாம் அதன் படையில் சேர்ந்தன. அந்த வருடம் ஒக்டோபர் 21 ஆம் திகதி அப்படையைக் கொண்டு டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். இணைய முகவரிகளைத் தேடிக் கொடுக்கும் சேவையை நடத்தியது அந்நிறுவனம். டுவிட்டர், நெட்பிலிக்ஸ் முதலிய பெருந்தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்காகத் திறக்கவில்லை. யாரோ ஒருவரின் கடை வாசலில் தொங்கிய மலிவான கமரா, எங்கோ இருக்கும் இன்னொருவரின் வியாபாரத்தை நிறுத்தியது. கமராவின் சொந்தக்காரருக்கு அது தெரியவும் இல்லை; அவருடைய கமரா வழமைபோல் படம் காட்டிக்கொண்டே இருந்தது.

ஆனால் மிராய் சம்பவத்தில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. கப்பலில் துளை போட்டவர் யார்? பாவனையாளர் அல்ல. தாக்குதலில் சிக்கிய பல சாதனங்களில் சீனாவின் சியோங்மாய் கம்பனி தயாரித்த பாகங்கள் இருந்தன. அச்சாதனங்களில் வெளியே தெரியும் கடவுச்சொல்லை வீட்டுக்காரர் மாற்றினாலும், உள்ளே உள்மென்பொருளோடு சேர்த்து எழுதப்பட்ட வேறொரு கடவுச்சொல் அப்படியே இருந்தது. அதனை மாற்ற அவருக்கு வழியே இருக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் மிராய் நினைவகத்திலிருந்து அழியும்; ஆனால் அக்கடவுச்சொல் மாறாதபடியால் சிறிது நேரத்தில் மீண்டும் வந்து புகுந்துகொள்ளும். சியோங்மாய் கம்பனி அமெரிக்காவில் விற்பனையான சிலவகைக் கமராப் பொருட்களைத் திருப்பி எடுப்பதாக அறிவித்தது. துளையைப் போட்டவர் கம்பனிக்காரர். அடைக்க விரும்பிய வீட்டுக்காரரின் கையில் கருவி இல்லை. உரிமையாளரின் சுதந்திரம் என்பதை வெறும் விளையாட்டுப் பிள்ளைகளின் ஆசையாகப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

உவமையில் வரும் கீழ்த்தட்டுக்காரரின் தாகமும் பொய்யல்ல. அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும். சேர்வர் நின்றுபோன சாதனத்தை வைத்திருப்பவரின் தேவையும் அத்தகையதே. துளை போடாமல் தண்ணீர் எடுக்க வழியிருக்கிறதா என்பதே கேள்வி.

ஒரே ஓட்டை, இரண்டு பேர்

இதற்குச் சிறந்த உதாரணம் டுயா. சீனாவின் ஹங்சோ நகரைத் தலைமையகமாகக் கொண்ட இக்கம்பனியின் சில்லுகளும் சேர்வரும் வேறு வேறு பெயர்களில் விற்பனையாகும் எண்ணற்ற பிளக்குகளிலும் மின்குமிழ்களிலும் உள்ளன. உங்கள் கடை இறாக்கையில் மூன்று பிராண்டுகள் இருந்தாலும் மூன்றுக்குள்ளும் டுயாவே இருக்கலாம்.

2018 டிசம்பரில் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், இச்சாதனங்களின் பலவீனம் ஒன்று பகிரங்கமாகக் காட்டப்பட்டது. போலியான வைபையையும் போலிச் சேர்வரையும் உருவாக்கினால், பெட்டியைத் திறக்காமலேயே சாதனத்துக்குள் வேறு உள்மென்பொருளை ஏற்றி விடலாம். இதனைக் கேட்டுப் பாதுகாப்புத் துறையினர் கவலைப்பட்டனர். அதே செய்தியைக் கேட்டு இன்னொரு கூட்டம் மகிழ்ச்சியடைந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஒருவர் ஆரம்பித்த டஸ்மோட்டா என்ற இலவச உள்மென்பொருள் அப்போது பிரபலமாகி வந்தது. அதனை ஏற்றினால் பிளக் வீட்டுக்குள்ளேயே இயங்கும். வெளிநாட்டுச் சேர்வர் தேவையில்லை. அந்த ஓட்டையைப் பயன்படுத்தி டஸ்மோட்டாவை ஏற்றும் கருவியொன்று விரைவிலேயே வெளிவந்தது. ஏராளமானோர் சட்டைப்பையில் கைத்தொலைபேசியும் மேசையில் ஒரு மடிக்கணினியும் வைத்துக்கொண்டு தமது சாதனங்களை விடுவித்துக் கொண்டனர்.

டுயா புதிய உள்மென்பொருளை அனுப்பி ஓட்டையை அடைத்தது. அடைத்தது சரியே. ஆனால் உரிமையாளர் நுழைந்த வழியும் அதுவே என்பதால் அவருக்கும் கதவு மூடியது. அதன் பின் மாற்ற விரும்பியவர் பெட்டியைப் பிளந்து கம்பி ஒட்ட வேண்டியதாயிற்று. உரிமையாளர் தனது சொந்தப் பொருளுக்குள் கள்வனின் வழியால் நுழைய வேண்டியிருந்ததுதான் இதில் உள்ள பிழை. முன்வாசலில் அவருக்கென ஒரு சாவி கொடுத்திருந்தால், பின்பக்க ஓட்டையை அடைப்பதை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

கைபட்டால் மாத்திரம் திறக்கும் பூட்டு

அப்படிச் சாவி கொடுப்பது நடக்கக்கூடிய காரியமா? நடந்திருக்கிறது. கூகுளின் மென்பொருளில் இயங்கும் குரோம்புக் மடிக்கணினிகளின் பழைய மாதிரிகளில், அடிப்படை உள்மென்பொருளைக் காக்கும் தடை ஒரு திருகாணியாக இருந்தது. மடிக்கணினியைத் திறந்து அதனைக் கழற்றியவரே மாற்றலாம். உலகின் மறுமூலையில் இருக்கும் கள்வன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இணையத்தின் வழியே திருகாணி கழற்ற முடியாது. அத்தோடு, குரோம்புக்கை மாற்றியமைக்கும் நிலைக்குக் கொண்டுபோனால் அதிலிருந்த தகவல்கள் அழிந்து விடும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் திரையில் எச்சரிக்கை தோன்றும். முந்திய உரிமையாளரின் இரகசியம் அடுத்தவரிடம் போகாது. மாற்றப்பட்ட பொருளைப் புதிது என்று ஒருவர் தலையில் கட்டவும் முடியாது.

2019 இல் வந்த சொனொஃப் மினி என்ற சிறு ஸ்மார்ட் சுவிட்ச்சிலும் இதே எண்ணம் தெரிகிறது. உள்ளே ஒரு சிறு இணைப்பூசியைப் பொருத்தினால் வேறு மென்பொருளுக்கு வழிவிடும். குரோம்புக் போன்ற முழுமையான ஏற்பாடு அல்ல அது. ஆனாலும் மலிவான பொருளிலும் இதனைச் செய்ய முடியும் என்பதற்கு அத்தாட்சி.

அரசாங்கம் தலையிட்ட ஒரு சம்பவமும் உண்டு. டிபி-லிங்க் கம்பனியின் சில ரவுட்டர்களில் நாட்டுக் குறியீட்டை மாற்றி, அனுமதிக்கப்பட்டதை விட அதிக வலுவில் அலைகளை வெளியிட முடிந்தது. அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 2016 ஆகஸ்டில் இதற்காக 2,00,000 டொலர் அறவிட்டது. அதே இணக்கப்பாட்டில், அலைவரிசை விதிகளையும் பேணி, வெளியார் எழுதிய மென்பொருளுக்கும் இடமளிக்கும் வழியைத் தேடவும் கம்பனி ஒப்புக்கொண்டது. விதியை மீறாதே, ஆனால் அதனைச் சாட்டாக வைத்து உரிமையாளரை வெளியே தள்ளாதே என்பதே அதன் சாரம். இப்படி எழுதத் தெரிந்த அதிகாரிகள் எல்லா நாட்டுக்கும் வாய்க்க வேண்டும்.

கைபட வேண்டும் என்ற விதி எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாசலுக்கு வெளியே இருக்கும் அழைப்புமணிக் கமராவில் கள்வனின் கையும் படும். கதவுப் பூட்டுக்கு அந்தப் பொத்தான் வீட்டின் உட்புறத்தில்தான் இருக்க வேண்டும். வாடகை வீட்டில் முன்பு குடியிருந்தவரின் கையும் பட்டிருக்கும். கதவுப் பூட்டை மாற்றியமைத்துத் தரக் கேட்டால் மறுத்து விடுங்கள் என்றே நான் ஆலோசனை கூறுவேன். மின்குமிழில் பிழை நடந்தால் இருட்டு. பூட்டில் பிழை நடந்தால் அப்படியல்ல. ஹீட்டர் போன்ற அதிக மின்சாரம் இழுக்கும் பொருட்களோடு இணையும் பிளக்குகளிலும் எனது கருத்து அதுவே.

கடையில் செய்ய வேண்டியவை

முதலில் சப்ளையரிடம் பேசுங்கள். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல்லோடு ஸ்மார்ட் சாதனம் விற்க முடியாது. பாதுகாப்புக் குறைகளை யாரிடம் முறையிடுவது என்றும், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்றும் அறிவிக்க வேண்டும். இறக்குமதியாளருக்கும் விற்பனையாளருக்கும்கூட அதில் கடமைகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் இதுபோன்ற சட்டம் 2024 டிசம்பரில் அமுலுக்கு வந்தது; அதன் பிரதான கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயமாகும். எனவே ஷென்சென் சப்ளையரிடம், "பிரித்தானியாவுக்கு அனுப்பும் அதே மென்பொருளோடு எனக்கும் தாருங்கள், புதுப்பிப்புக் காலத்தை எழுத்தில் தாருங்கள்" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு சதம் குறைந்த விலைக்காகப் பேரம் பேசும் நாம் இதற்காகவும் பேசலாம். சேர்வர் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே இயங்குமா என்பதையும் கேளுங்கள். மாதிரி ஒன்றை எடுத்து, ரவுட்டரின் இணையக் கம்பியைக் கழற்றி விட்டு இயக்கிப் பார்த்தால் பதில் ஐந்து நிமிடத்தில் தெரிந்து விடும்.

அடுத்தது கமரா பொருத்தும் பாஸ்மாரின் பழக்கம். ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே கடவுச்சொல்லைப் போட்டு, அதனைத் தானும் வைத்துக்கொள்வது பலரின் வழக்கம். பின்னர் பழுது பார்க்க வசதி என்பார்கள். எமது பெண்கள் ஹிஜாப் இன்றி நடமாடும் உள்வீட்டில் பொருத்திய கமராவின் சாவி அது. அமானிதம் என்று இதனைச் சொல்லாமல் வேறு எதனைச் சொல்வது? வேலை முடிந்ததும் வீட்டுக்காரரே தனது கையால் புதிய கடவுச்சொல்லைப் போட்டுக்கொள்ளும் வரை பொருத்தும் வேலை முடியவில்லை என்று கணக்கில் எடுங்கள். அதன் பின்பே கூலியைக் கொடுங்கள்.

உள்மென்பொருளை மாற்றித் தரக் கேட்டு வருபவரிடம் பொருள் அவருடையதுதானா என்று பாருங்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றி இன்னொருவரின் கணினிக்குள் நுழைவது குற்றம். ஸ்மார்ட் கமராவும் ஒரு கணினியே. உரிமையாளரின் எழுத்து மூலச் சம்மதத்தைப் பெற்று, கம்பனி உத்தரவாதம் இதனால் நீங்கலாம் என்று சொல்லி, உள்ளிருந்த தகவல்களை அழித்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள். வைபை அலைகளின் வலுவைக் கூட்டித் தரக் கேட்டால் மாத்திரம் முடியாது என்று கூறி விடுங்கள். அது பக்கத்து வீட்டுக்காரரின் அலைவரிசையிலும் கைவைப்பது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அதிகாரத்துக்குள் வரும் விடயமும்கூட.

பில்லில் நான்கு வரிகள் கூடுதலாக எழுதச் சொல்வேன்: சேர்வர் நின்றால் இப்பொருள் இயங்குமா, புதுப்பிப்பு எந்த வருடம் வரை, உரிமையாளர் உள்மென்பொருளை மாற்ற முடியுமா, முன்பு யாரேனும் பாவித்ததா. தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தை நாம் அறிவோம். ஸ்மார்ட் சாதனத்தின் ஈரம் வெளியே கைக்குத் தட்டுப்படாது. ஆகவே விற்பவர்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

நான்காவது வரியை ரீகண்டிஷன் பொருள் விற்போர் விசேடமாகக் கவனிக்க வேண்டும். நெஸ்ட் கமராவை விற்று விட்ட பழைய உரிமையாளர், வேறொரு கம்பனியின் பெட்டியோடு அதனை முன்பு இணைத்திருந்தபடியால், புதியவரின் வீட்டுப் படங்களைத் தொடர்ந்து பார்க்க முடிந்த விடயம் 2019 ஜூனில் வெளிவந்தது. கூகுள் அதன்பின் அதனைத் திருத்தியது. கமராவை அவர் முறைப்படி அழித்து விட்டே விற்றிருந்தார் என்பதைக் கவனியுங்கள். ஆகவே பழைய கமரா கடைக்கு வந்தால் பொத்தானை அழுத்தி அழிப்பதோடு நிறுத்த வேண்டாம். கொண்டுவந்தவர் நிற்கும்போதே அவரது கைத்தொலைபேசியை எடுக்கச் சொல்லி, செயலியிலிருந்தும் அதனோடு இணைந்த ஏனைய கணக்குகளிலிருந்தும் அச்சாதனத்தை நீக்க வைத்து, அதன் பின் காசை எண்ணிக் கொடுங்கள்.